வள்ளல் வரலாறும் வெள்ளீயக் கிடங்கும்

யாழ்ப்பாணத்துத் தீவுப்பகுதியில் ஒருவர் காலமாகி முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி நிறைவுற்றதும், வந்திருப்போர் கையில் ஒரு சிறு நூல் கொடுக்கப்படுவது வழக்கம். அதனைக் 'கல்வெட்டு' என்று எம்மவர் வழங்குவர். முகப்பிலே காலமானவரின் படம்; அதன் கீழ் இறந்த திதியைக் கூறும் வெண்பா; தொடர்ந்து தோத்திரப் பாக்கள், வமிசாவழி, வாழ்க்கை வரலாறு, உற்றார் புலம்பல், நன்றி நவிலல். ஊர்காவற்றுறையிலிருந்து நெடுந்தீவு வரை இந்நூல்களில் நான்கைந்தேனும் இல்லாத வீட்டைக் காண்பது அரிது. கோயிற் கும்பாபிஷேக மலரும் பாடசாலை நூற்றாண்டு மலரும் இக்கல்வெட்டின் உடன்பிறப்புக்களே. எம்மிடையே மிகுதியாக எழுதப்படும் வாழ்க்கை வரலாற்று இலக்கியம் எது என்று வினவின், இதுவே என்று தயங்காது விடை கூறலாம். ஆயினும் சிறுகதையையும் நாவலையும் நுணுகி ஆராயும் எமது திறனாய்வாளர் இதனை இலக்கியமென்று ஏறெடுத்தும் பார்ப்பதில்லை.

மக்கள் உண்மையில் எதனை வாசிக்கின்றனரோ அதனை ஆராயாத விமர்சனம் அரை விமர்சனமேயாகும். ஆதலின் இக்கட்டுரையில் அவ்வகை இலக்கியத்தின் ஒரு கிளையை, அதாவது கடல் கடந்து பொருளீட்டிய வணிகரின் வரலாற்றை எழுதும் முறையை, நோக்க முற்படுகின்றோம். பெயர் தெரியாத தனிமனிதரின் நினைவு நூலை எடுத்துக் குறைகாண்பது எமது நோக்கமன்று, அது பண்புமன்று. பொது வரலாற்றில் இடம்பெற்ற ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவர் யாழ்ப்பாணத்தவர் அல்லர். எனினும் 'மலாயா' என்ற சொல் எமது தீவுகளில் ஒரு காலத்தில் எத்தகைய கனவாக இருந்ததோ, அக்கனவின் முதல் தமிழ்ச் செல்வர்களுள் ஒருவர் அவர். கோலாலம்பூர் தம்புசாமிப் பிள்ளையையே குறிப்பிடுகின்றோம்.

வழக்கமான வரலாறு அவரைப் பற்றிக் கூறுவது வருமாறு. 1850இல் சிங்கப்பூரிற் பிறந்தார். றாபிள்ஸ் கல்விக்கூடத்தில் ஆங்கிலம் கற்றார். ஜேம்ஸ் கத்றி டேவிட்சன் என்னும் வழக்கறிஞரிடம் எழுதுவினைஞராகச் சேர்ந்தார். 1875இல் டேவிட்சன் சிலாங்கூரின் முதலாவது பிரித்தானிய றெசிடென்ற் ஆகச் சென்றபோது அவருடன் சென்றார். திறைசேரியிற் பணியாற்றிப் பதில் திறைசேரியாளராகவும் உயர்ந்தார். பின்னர் அரசாங்க உத்தியோகத்தை விடுத்து வணிகத்தில் இறங்கினார். சீனச் செல்வரான லோக் இயூவுடன் கூட்டாக றவாங்கில் வெள்ளீயச் சுரங்கம் நடத்தினார். 1894இல் அங்கு மின்சாரம் உண்டாக்கி, சுரங்கத்து நீரை இறைக்க மின்பம்பிகளை இயக்கினர்; மலாயாவில் மின்சாரம் பயன்பட்டது அதுவே முதன்முறை என்பர். 1893இல் விக்ரோறியாக் கல்விக்கூடம் நிறுவப்பட்டபோது நிறுவுநர்களுள் ஒருவராய் இருந்தார். பத்துமலைக் குகையில் முருகன் வழிபாட்டைத் தொடக்கிவைத்தார். 1892 முதல் அங்கே தைப்பூசம் நடைபெற்று வருகின்றது. 1902இல் சிங்கப்பூரில் மறைந்தார்.

இவற்றில் பொய் என்று சொல்லத்தக்கது எதுவுமில்லை. அவருடைய ஆற்றலை மறுப்பதற்கும் இல்லை. எழுதுவினைஞராய்த் தொடங்கிய ஒருவர், தமது மொழியோ சமயமோ அல்லாத ஒருவருடன் கூட்டுச் சேர்ந்து, நாட்டின் எவருக்கும் முன்னதாக ஒரு புதிய விசையைத் தொழிலிற் புகுத்தினார் என்பது சிறிய செயலன்று. எமது குறை வேறு. இவ்வரலாற்றிலே பிறப்பு உண்டு, உத்தியோகம் உண்டு, செல்வம் உண்டு, தருமம் உண்டு. உத்தியோகத்துக்கும் செல்வத்துக்கும் இடையில் ஒரு கிடங்கு உண்டு. அது மாத்திரம் மூடப்பட்டிருக்கின்றது. 'வணிகத்தில் இறங்கிப் பெரும்பொருள் ஈட்டினார்' என்ற ஒரு வாக்கியத்துடன் வரலாற்றாசிரியர் அக்கிடங்கைத் தாண்டிச் சென்றுவிடுகின்றார். அந்த வாக்கியத்துக்குள் இறங்கிப் பார்ப்பதே திறனாய்வாளனின் கடமை.

முதலில் அரசு என்னும் பொருளை எடுத்துக்கொள்வோம். 'டேவிட்சன் துரையுடன் சென்றார்' என்கிறது வரலாறு. டேவிட்சன் யார்? சிலாங்கூரில் 1867 முதல் உள்நாட்டுப் போர் நிகழ்ந்தது. வெள்ளீயம் விளையும் நிலமும் அது கடலுக்கு இறங்கும் ஆற்று வாயிலும் எவர் கையில் இருப்பது என்பதே போரின் உள்ளீடு. அப்போரில் சுல்தானின் மருமகனான துங்கு கூடின் பக்கத்துக்குப் பணமும் ஆலோசனையும் வழங்கியவர்களுள் டேவிட்சன் ஒருவர். அதற்கீடாக 1873இல் சிலாங்கூரில் வெள்ளீய நிலங்களைத் தெரிந்தெடுக்கும் உரிமையைப் பெற்றார். அவ்வுரிமையைக் கொண்டு இலண்டனிலே ஒரு கம்பனியைத் திரட்ட முயற்சி நடைபெற்றது. போர் ஓயாத நாட்டில் முதலிட எவரும் முன்வரவில்லை. அடுத்த ஆண்டு, 1874 சனவரியில், பங்கோர் ஒப்பந்தம் கைச்சாத்தாகியது; பிரித்தானிய ஆலோசகர்கள் மலாய் நாடுகளுட் புகுந்தனர். அதற்கு அடுத்த ஆண்டு டேவிட்சனே சிலாங்கூரின் றெசிடென்ற் ஆனார். பங்கு விற்க முன்வந்தவர் முன்னே, கொடி பின்னே என்று இவ்வரிசையைச் சுருக்கமாகக் கூறிவிடலாம். ஏகாதிபத்தியம் என்ற சொல்லை மாணவர்க்கு விளக்க நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. ஒரு வழக்கறிஞரின் மூன்றாண்டு வாழ்க்கையே போதுமானது.

அத்தகைய அரசின் திறைசேரியில் இருந்துகொண்டு நாட்டைக் கற்றவர் தம்புசாமிப் பிள்ளை. அவருடைய நேர்மைபற்றி நாம் எவ்வித ஐயமும் எழுப்பவில்லை. தனிமனிதரின் ஒழுக்கத்தைப் பற்றியதன்று எமது வினா. அக்காலத்து மலாய் நாடுகளின் திறைசேரிக்கு வருவாய் வந்த வழிகளை நோக்குக. வெள்ளீய ஏற்றுமதித் தீர்வை ஒன்று. அபின், சாராயம், சூதாட்டம் ஆகியவற்றின் குத்தகைப் பணம் மற்றொன்று. சுரங்கத்திலிருந்து பெறப்பட்டது முதலாவது. சுரங்கத் தொழிலாளியின் கூலியிலிருந்து திரும்பப் பிடுங்கப்பட்டது இரண்டாவது. அக்குத்தகைகளை எடுத்தோருள் லோக் இயூவும் ஒருவர். ஓர் அரசின் கணக்கேடு இவ்வாறு அமையும்போது, அதன் பக்கங்களை அறிந்தவர்க்கு நாட்டின் நாடி தெரியும். மூலதனம் என்பது பணம் மாத்திரமன்று. எங்கே எது விளையும், எவரிடம் உரிமை கேட்க வேண்டும் என்ற அறிவும் மூலதனமே. 'தன் முயற்சியால் உயர்ந்தார்' என்று எழுதும் வரலாறு இதனை எழுதாது விடுகின்றது.

இரண்டாவது உழைப்பு. இதனைப் பற்றி எமக்கு வழிகாட்டியது எந்த நூலுமன்று. ஒரு மாணவியின் வினா. தீவுப்பகுதிப் பாடசாலையொன்றில் பத்தாந் தர வகுப்புக்கு, 'கடல் கடந்து புகழ் பெற்ற தமிழர்' என்னும் தலைப்பிற் கட்டுரை எழுதப் பயிற்சியளித்துக்கொண்டிருந்தோம். தம்புசாமிப் பிள்ளையின் வரலாற்றைச் சொல்லி, மின்பம்பியின் பெருமையையும் விளக்கினோம். பின்வாங்கில் இருந்த ஒரு பிள்ளை எழுந்தாள். நன்னீருக்குப் பல தலைமுறையாகத் தவித்த நெடுந்தீவு அவளுடைய ஊர்.

"சேர், கறண்ட் பம்பி வர முன்னம் அந்தக் கிடங்குத் தண்ணியை ஆர் இறைச்சவை?"

துலா மிதித்து, பட்டை பிடித்து, கால் வெடிக்க இறைத்தவர்களின் பேரப்பிள்ளைக்குத்தான் அவ்வினா எழும். தமிழைச் சிறப்புப் பாடமாகப் பயின்ற எமக்கு எழவில்லை. அன்று விடை கூற இயலாது நின்றோம். பின்னர் தேடிப் படித்தோம்.

மலாயாவின் வெள்ளீயம் பெரும்பாலும் ஆற்றுப் படுகையின் மணலிலும் களியிலும் கலந்து கிடப்பது. ஆதலின் அங்கே சுரங்கம் என்பது மலையைக் குடைந்த குகையன்று. வானம் பார்த்த பெருங்கிடங்கு. மேல்மண்ணை வெட்டி அகற்ற வேண்டும். ஈயமண்ணைக் கூடைகளில் இட்டுக் காவுதடியில் தோள்மேல் ஏற்றி, படி வெட்டிய மரக்குற்றிகளின் மேலே சுமந்து வரவேண்டும். மரத்தொட்டியில் நீர் பாய்ச்சி மண்ணை அரிக்கும்போது, பாரமான ஈயத்தாது அடியிற் படியும். கிடங்கு ஆழமாக ஆழமாக ஊற்றும் மழையும் அதனை நிரப்பும். அந்நீரைச் சங்கிலிப் பலகைகள் கோத்த பொறியினால் மேலே ஏற்றினர். அப்பொறியை நீர்ச்சில்லுச் சுழற்றியது. அது இயலாத இடத்தில் மனிதர் காலால் மிதித்தனர். ஆம், துலா மிதிப்பது போலவே! 1870களின் இறுதியிலிருந்து நீராவிப் பம்பிகள் வந்தன. அதன் பின்னரே றவாங்கின் மின்பம்பி.

மிதித்தவர் யாவர்? தென்சீனத்திலிருந்து வந்த கூலித் தொழிலாளர். கப்பற் செலவைக் கடனாகச் சுமந்து வந்து, முதலாளியின் கடையிலேயே அரிசியும் அபினும் கடனாக வாங்கி, ஆண்டிறுதியிற் கணக்குப் பார்க்கையில் கடனே மிஞ்சக் கண்டவர் அவருட் பலர். 1857இல் கிள்ளான் ஆற்றின் வழியே ஏறி அம்பாங் காட்டுக்குள் ஈயம் தேடிச் சென்றவர் 87 பேர். ஒரு மாதத்துள் காய்ச்சலால் மாண்டவர் 69 பேர். எஞ்சியவர் 18 பேர். கோலாலம்பூர் என்னும் மாநகரம் அந்தப் பதினெண்மரின் காலடியிலிருந்து தொடங்குகின்றது. மாண்ட 69 பேரில் ஒருவருக்கேனும் அந்நகரில் ஒரு தெருவின் பெயர் உண்டா? தம்புசாமிப் பிள்ளையின் பெயரில் தெரு உண்டு. விக்ரோறியாக் கல்விக்கூடத்தில் இல்லம் உண்டு. லோக் இயூவின் பெயரிலும் அவ்வாறே. எண்ணிக்கையாக வரலாற்றிற் புகுவோரும் பெயராக வரலாற்றிற் புகுவோரும் என மனிதர் இரு கூறாகப் பிரிந்துவிட்டனர்.

இன்னுமொன்று மனங்கொள்ளத்தக்கது. தமிழரான பிள்ளையும் சீனரான லோக் இயூவும் மொழி, சமய எல்லைகளைக் கடந்து எளிதிற் கூட்டாளிகள் ஆயினர். ஆனால் கிடங்கிலே மண் சுமந்த சீனத் தொழிலாளியும், றெயில் பாதையிலும் பின்னர் றப்பர் தோட்டத்திலும் உழைத்த தமிழ்த் தொழிலாளியும் ஒருவரையொருவர் அறியாதவாறு தனித்தனிக் கொட்டில்களில் வைக்கப்பட்டனர். செல்வம் இனம் பார்க்கவில்லை. வறுமைக்கே இனவேலி அடைக்கப்பட்டது. 'தமிழன் பெருமை' என்று இவ்வரலாற்றைச் சொல்லும்போது, எந்தத் தமிழனின் பெருமை என்ற வினாவும் உடன் எழவேண்டும்.

இவ்விடத்தில் நண்பர் ஒருவர் தொடுத்த தடையை எதிர்கொள்வது கடமையாகின்றது. அவரும் ஆசிரியரே, முற்போக்குக் கருத்துக்கு அந்நியரல்லர். "அவர் ஒரு பாடசாலைக்கும் ஒரு கோயிலுக்கும் காரணமாய் இருந்தார், எத்தனையோ செல்வர் அதுவும் செய்யாது மாண்டனர். கொடுத்தவனையும் கொடாதவனையும் ஒரே தராசில் நிறுத்தினால் இனிக் கொடுப்பார் யார்?" என்றார் அவர். தடை வலிமையானது. மாணவர்க்கு உதவுவாரின்றி எமது பாடசாலைகள் எத்தனை இடர்ப்படுகின்றன என்பதை அன்றாடம் காண்கின்ற நாம் அதனைப் புறந்தள்ள இயலாது.

எமது விடை இதுவே. கொடை கொடையாகவே போற்றப்படட்டும். ஆனால் கொடை கணக்கை மூடும் முத்திரையாகக் கூடாது. கொடுத்தவர் வரலாற்றிலிருந்து ஒரு வரியையேனும் நீக்குமாறு நாம் கேட்கவில்லை. விடுபட்ட வரிகளைச் சேர்க்குமாறே கேட்கின்றோம். இது தமிழ் மரபுக்குப் புறம்பானதுமன்று. கல்வெட்டு என்ற சொல்லை நாம் எங்கிருந்து பெற்றோம்? தஞ்சைப் பெருவுடையார் கோயிற் சுவரிலே முதலாம் இராஜராஜன் வெட்டுவித்தவை பெரும்பாலும் அரச குடும்பத்தின் கொடைகள்தாம். ஆயினும் அச்சுவரிலேயே தளிச்சேரிப் பெண்டுகள் நானூற்றுவரின் பெயரும், அவர் வந்த ஊரும், இருந்த மனையும் வரிசையாகப் பொறிக்கப்பட்டுள்ளன. பெருந்தச்சனின் பெயரும் அங்கே உண்டு. கல் சுமந்தவரின் பெயர் இல்லைதான்; நிலப்பிரபுத்துவ மன்னனின் நினைவுக்கும் எல்லை உண்டு. எனினும் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு பேரரசன் கல்லிற் கொடுத்த இடத்தை, இன்று நாம் கடதாசியிற் கொடுக்க மறுக்கின்றோம். மலருக்கு விளம்பரம் தந்தவர் பெயர் உண்டு. கோயிற் கிணறு வெட்டியவன் பெயர் இல்லை.

கோயிற் கொடை என்று சொன்னதும் மற்றொரு வினாவும் எழுகின்றது. யாருக்குக் கொடுக்கப்பட்டது? தம்புசாமிப் பிள்ளையுடன் தொடர்புடைய கோலாலம்பூர் மகாமாரியம்மன் கோயில் நெடுங்காலம் அக்குடும்பத்தின் கோயிலாகவே இருந்து, 1920களின் பிற்பகுதியிலேயே பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. எமது யாழ்ப்பாணத்தின் கதையோ இதனினும் கசப்பானது. மலாயாப் பணத்தினால் கோபுரம் உயர்ந்த காலத்திலேயே, அக்கோபுர வாயிலைத் தாண்ட முடியாத மக்கள் எம்மிடையே இருந்தனர். 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் அவர்கள் அடிபட்டு நின்றதை எவரும் மறக்க இயலாது. தேநீர்க் கடைகளில் அம்மக்களுக்கென்று தகரப் பேணி தனியே வைக்கப்பட்டிருந்தது. அத்தகரத்தின் மேற்பூச்சு வெள்ளீயம். உலகில் எடுக்கப்பட்ட வெள்ளீயத்தில் ஏறத்தாழப் பாதியை மலாயா ஒரு காலத்தில் தந்தது. சீனத் தொழிலாளி நீரில் நின்று எடுத்த உலோகம் வேல்சில் தகடாகி, எங்கோ பால்பேணியாகி, வெறும் பேணியான பின் எமது ஊரில் ஒரு மனிதனைத் தள்ளிவைக்கப் பயன்பட்டிருக்கக் கூடும். பொருளின் பயணத்தைத் தொடர்ந்து செல்லும் வரலாறு இவ்வாறுதான் எம் வாசலில் வந்து நிற்கும்.

இனி, இக்குறைபாடு வள்ளலைப் போற்றும் எமது இலக்கியத்துக்கு மாத்திரம் உரியதா? அன்று. வஞ்சகனைத் தூற்றும் மேனாட்டு இலக்கியத்திலும் இதே இடம் வெறுமையாகவே கிடக்கின்றது. ஓர் எடுத்துக்காட்டுப் போதும். விற்றேக்கர் றைற் என்னும் ஆங்கிலேயர் (1846-1904) மேற்கு அவுஸ்திரேலியாவின் தங்கச் சுரங்கங்களைக் காட்டி இலண்டனிலே கம்பனிமேற் கம்பனியாகத் திரட்டியவர். ஒரு கம்பனியின் நட்டத்தை மற்றக் கம்பனியின் பணத்தைக் கொண்டு மறைப்பது அவர் வித்தை. மக்களின் நம்பிக்கையைப் பெற அவர் தமது கம்பனியின் தலைமையில் அமர்த்தியவர் யார் தெரியுமா? 1884 முதல் 1888 வரை இந்தியாவின் வைசிறோயாக இருந்த டவ்றின் பிரபு. றைற் தமது மாளிகைத் தோட்டத்தில், ஏரி நீரின் அடியிலே கண்ணாடிக் கூரையுடன் ஓர் அறையும் கட்டினார். 1900 டிசம்பரில் எல்லாம் சரிந்தது. ஆயிரக்கணக்கானோர் சேமிப்பை இழந்தனர். 1904 சனவரியில் ஏழாண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்ட அன்றே, நீதிமன்றக் கட்டடத்துள் நஞ்சருந்தி மாண்டார்.

இத்தகைய மனிதரைக் கருவாகக் கொண்டு ஆங்கிலத்தில் நாவல்கள் எழுந்தன. அவற்றுட் சிறந்தது எச். ஜி. வெல்ஸ் 1909இல் வெளியிட்ட 'டொனோ-பங்கே' என்பது பலர் கருத்து. பயனற்ற மருந்தொன்றை விளம்பரத்தால் விற்றுப் பெருஞ்செல்வரான பொண்டெறெவோ என்பவரின் எழுச்சியும் வீழ்ச்சியும் அதன் கதை. வெல்ஸ் சமவுடைமைக் கருத்தினர். விளம்பரமும் பங்குச்சந்தையும் காற்றிலிருந்து பணம் பண்ணும் வகையை அவர் அம்பலப்படுத்தியது போன்று அக்காலத்தில் எழுதியோர் சிலரே. நாவலின் பிற்பகுதியில், சரிகின்ற செல்வத்தைத் தாங்கிப்பிடிக்க, மேற்கு ஆபிரிக்கக் கரையோரத்தில் குவிந்து கிடக்கும் ஓர் அரிய கனிப்பொருளைக் களவாக அள்ளிவரக் கப்பல் செல்கின்றது. கதை சொல்லும் மருமகன் ஜோர்ஜ் அதற்குத் தலைமை தாங்குகின்றான். காட்டிலே தற்செயலாக எதிர்ப்பட்ட ஓர் ஆபிரிக்கனை, அவன் சென்று செய்தி சொல்லிவிடுவான் என்ற அச்சத்தில் சுட்டுக் கொல்கின்றான். பிணத்தைப் புதைக்கின்றான். கப்பல் புறப்படுகின்றது. அக்கனிப்பொருள் கப்பலின் மரத்தையே அரித்துத் தின்ன, கப்பல் கடலில் மூழ்குகின்றது.

வாசிப்போர் நெஞ்சை உறுத்தும் பகுதி அது. சுரண்டிய பொருளே சுரண்டியவனின் கலத்தைத் தின்றுவிடுகின்றது என்பது ஆழ்ந்த கற்பனை. எனினும் கூர்ந்து நோக்குக. கொல்லப்பட்டவனுக்கு நாவலிலே பெயர் இல்லை, பேச்சு இல்லை, அவனைத் தேடி அழ ஒரு தாய் இல்லை. வஞ்சகனின் வீழ்ச்சியில் ஓர் அத்தியாயமாக அவன் பயன்பட்டு மறைகின்றான். விற்றேக்கர் றைற்றின் உண்மை வரலாற்றிலும் இதுவே நிலை. சேமிப்பை இழந்த ஆங்கிலேயர் நினைக்கப்படுகின்றனர்; பாலை மண்ணிலே தங்கம் வெட்டிய தொழிலாளியும், தன் நிலத்தையும் நீர்நிலையையும் இழந்த ஆதிக்குடியும் நினைக்கப்படுவதில்லை. போற்றினாலும் தூற்றினாலும் முதலாளியே கதாநாயகன் என்ற விதி மாறவில்லை. எமது கல்வெட்டும் வெல்ஸின் நாவலும், தரத்திலே மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேற்றுமை உடையவாயினும், இவ்வோரிடத்தில் அருகருகே வந்து நிற்கின்றன.

இங்ஙனம் கூறும்போது நாம் எங்கே நிற்கின்றோம் என்பதையும் சொல்லியாக வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து மலாயாவின் றெயில்வே, நில அளவை, தபால், திறைசேரி அலுவலகங்களில் யாழ்ப்பாணத்தவர் வந்து நிறைந்தனர். மிஷன் பாடசாலைகள் தந்த ஆங்கிலம் அவர்தம் மூலதனம். அவர்கள் சுரங்கம் உடையாரல்லர், சுரங்கத்தில் உழைத்தாருமல்லர். இருவர்க்கும் இடையில் இருந்த கணக்கேட்டை எழுதியவர்கள். மாதந்தோறும் வந்த மணியோடர் பணத்தில் எமது தீவுகளில் கல்வீடுகள் எழுந்தன, காணிகள் ஈடு மீண்டன, சீதனம் உயர்ந்தது. 'மலாயாப் பென்சனியர்' என்ற சொல் ஒரு சமூகப் பட்டமாகவே விளங்கியது. அக்கணக்கேட்டின் ஒரு பக்கத்தில் எமது பாட்டன்மாரின் சம்பளமும் மறுபக்கத்தில் கிடங்கு உழைப்பாளியின் கடனும் எழுதப்பட்டிருந்தன. எமது கல்விக்கே அப்பணம் உதவியிருக்கலாம். ஆகவே நாம் பிறர்மேல் வழக்குத் தொடுக்கவில்லை. எமது வீட்டு அத்திவாரத்தையும் சேர்த்தே தோண்டுகின்றோம்.

இது பழங்கதையுமன்று. 1990களின் தொடக்கத்தில் போரினால் எமது தீவுகள் வெறிச்சோடின. மலாயாப் பணத்திற் கட்டிய வீடுகளின் கூரைகள் வீழ்ந்து, சுவர்களில் ஆல் முளைத்தது. பின்னர் கனடாவிலிருந்தும் பிரான்சிலிருந்தும் சுவிற்சர்லாந்திலிருந்தும் பணம் வரத்தொடங்கியது. வீடுகளில் ஆளில்லாத ஊரிலும் கோயில்கள் புதுப்பொலிவு பெறுகின்றன. கும்பாபிஷேக மலர்கள் வழவழப்பான தாளில் வெளிவருகின்றன. அவற்றில் வரும் 'தொழிலதிபர்' வரலாறுகளும் அந்தப் பழைய வார்ப்பிலேயே வார்க்கப்படுகின்றன. 'புலம்பெயர்ந்து சென்று அயராது உழைத்து உயர்ந்தார்.' உண்மைதான். உணவுச்சாலையின் பின்கட்டில் நள்ளிரவு வரை கோப்பை கழுவிய அவருடைய முதற் பத்து ஆண்டுகளைக்கூட அம்மலர் எழுதக் கூசுகின்றது! தொழிலாளியாக இருந்த காலத்தை மறைத்து, முதலாளியான காலத்தை மாத்திரம் பொறிக்கும் இலக்கியம், பிறருழைப்பை மாத்திரமன்று, தன்னுழைப்பையும் அவமதிக்கின்றது.

அவ்வாறாயின் வரலாற்றை எவ்வாறு எழுதுவது? இலக்கணம் வகுப்பது எமது தகுதிக்கு மேற்பட்டது. எனினும் மாணவர்க்கு நாம் இப்பொழுது நான்கு வினாக்களைக் கரும்பலகையில் எழுதிக்கொடுக்கின்றோம். இவருடைய முதற் பணம் எங்கிருந்து வந்தது? எந்த அரசு, எந்தச் சட்டம் அதற்கு வழிவிட்டது? யார் உழைத்தனர், அவர்க்கு என்ன கிடைத்தது? கொடுத்த கொடை எவர்க்குத் திறந்திருந்தது, எவர்க்கு மூடியிருந்தது? இந்நான்குக்கும் விடை எழுதிய பின்னர், அவர் பெருமையை எவ்வளவு வேண்டுமாயினும் எழுதலாம். அப்பொழுது எஞ்சி நிற்கும் பெருமை உண்மையான பெருமையாக இருக்கும். தம்புசாமிப் பிள்ளைக்கும் அவ்வாறு எஞ்சுவது உண்டு என்பதே எமது கருத்து. றவாங்கில் மின்பம்பி இயங்கிய நாளில், அதுவரை நீரை மிதித்து இறைத்த சிலருடைய கால்களாவது ஓய்ந்திருக்கும். அவர்களுக்கு அடுத்த நாள் வேலை இருந்ததா என்ற வினாவையும் உடன் எழுதிவைப்போம்.

வினா எழுப்பிய அந்த மாணவி தலைப்பை மாற்றித் தனது கட்டுரையை எழுதினாள். கடல் கடந்து புகழ் பெற்ற எவரைப் பற்றியும் அவள் எழுதவில்லை. நன்னீர்க் கிணற்றுக்கும் வீட்டுக்குமாக நாற்பது ஆண்டுகள் குடம் சுமந்த தன் பாட்டியைப் பற்றி எழுதியிருந்தாள். எத்தனை குடம், எவ்வளவு தூரம், எந்தக் கிணற்றில் எவரை அள்ளவிட்டனர், எவரை விடவில்லை என்பனவெல்லாம் அதில் இருந்தன. எழுத்துப்பிழைகள் மலிந்த கட்டுரை. சிவப்பு மையை எடுத்துப் பிழைகளைத் திருத்தினோம். ஒரு வரியையும் நீக்கவில்லை.